நீளமான சங்கிலி தேடிய ஐந்து பேர்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, "காலேஜ் விலக்கு ஒண்ணு" என்று கேட்டால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். கல்லூரியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இது அட்மிஷன் நேரம். நம்மால் ஒரு நிறுவனத்துக்கு நாலு சீட் குறைந்ததாக இருக்க வேண்டாம்.

அந்தக் கல்லூரியில், தமிழ்வழி இயந்திரவியல் இரண்டாம் ஆண்டில் ஐந்து பேர் படித்தார்கள். இசக்கிராஜா, எபநேசர், தௌபீக், மகிழ்மாறன், செண்பகவல்லி. சோம்பேறிகள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. எதிர்த்துப் பேசினார்கள் என்றும் சொல்ல முடியாது. என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். கஷ்டமே அங்கேதான்.

லேத் ஓட்டுவதில், பற்சக்கரம் வரைவதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. முதலாண்டில் வைத்திருந்த 'கரிம வேதியியல் அறிமுகம்' என்கிற ஒரே ஒரு பாடம்தான் ஐந்து பேரையும் கட்டிப்போட்டு வைத்திருந்தது. அதில் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தார்கள்.

ஏன் கோட்டை விட்டோம் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வினாத்தாளில் 'ஏதேனும் ஐந்தனுக்கு விடையளி' என்று போட்டிருந்தது. இசக்கிராஜா ஐந்தாவது கேள்விக்கு அருமையாக விடை எழுதிவிட்டு, மீதி நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 'சிறுகுறிப்பு வரைக' என்ற இடத்தில் தௌபீக் தன் ஞானம் முழுவதையும் ஒரு தபால்தலை அளவுக்குள் எழுதி முடித்தான். சிறுசுக்கு அதைவிடச் சிறுசு அவனால் முடியாது. 'பொருந்தாததை நீக்குக' என்றதற்குச் செண்பகவல்லி பிளேடு எடுத்து நீக்கியே விட்டாள். வினாத்தாளில் ஓட்டை விழுந்தது, விடைத்தாள் பளிச்சென்று இருந்தது. மகிழ்மாறன் கோடிட்ட இடங்களை நிரப்பி நிரப்பியே இரண்டு பேனா மையைக் காலி செய்தான். எபநேசர்தான் பாவம், எல்லாம் படித்திருந்தான். "அவங்கவங்க பேப்பரை மட்டும் பாருங்க" என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டதால், மூன்று மணி நேரமும் வைத்த கண் வாங்காமல் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மூன்றாவது தடவையும் விட்டால் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியாது, ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அதோடு பாடம் நடத்துகிற ஹெப்சிபா மேடத்தையும் முதல்வர் கூப்பிட்டு, "இந்த அஞ்சு பேர் பாஸாகலைன்னா நீங்க வேற காலேஜ் பார்த்துக்க வேண்டியதுதான்" என்றார். மேடம் இளகின மனசுக்காரர். கோபப்படத் தெரியாது. வீட்டுக்குப் போய் யோசித்தார். புத்தகத் தமிழ்தான் பிள்ளைகளுக்கு எட்டவில்லை, நம்ம பேச்சிலேயே எளிமையாகச் சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

நல்ல எண்ணம்தான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

தேர்வுக்கு முந்தின வாரம் சிறப்பு வகுப்பு தொடங்கியது. மேடம் கரும்பலகையில் ஒரு கார்பன் போட்டார். சுற்றி நாலு கோடு இழுத்தார். நாலு ஹைட்ரஜன் எழுதினார்.

"இங்க பாருங்கப்பா. கார்பனுக்கு நாலு கை. ஹைட்ரஜனுக்கு ஒரே கை. கார்பன் ஒரு கையைக்கூடச் சும்மா தொங்கவிடாது, நாலு கையாலயும் யாரையாவது பிடிச்சுக்கிட்டே இருக்கும். அப்படிப் பிடிச்சா இது மீத்தேன். எங்க, நீங்களே கார்பனா இருந்து யோசிச்சுப் பாருங்க, மறக்கவே மறக்காது."

ஐந்து பேரும் மைதானத்து வேப்பமரத்தடியில் கூடினார்கள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நாமளே கார்பனா இருக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க," என்றான் இசக்கிராஜா. "ஆனா நாலு கைக்கு எங்கலே போறது?"

"காலைக் கையாக் கணக்கு வைக்கலாமா?" என்று கேட்டான் எபநேசர்.

கேள்வி பெரியது.

"ஆடு மாட்டுக்கு நாலும் காலுன்னுதானே சொல்றோம்," என்றாள் செண்பகவல்லி. "அதுக்கு நாலும் காலா இருக்கலாம்னா, நமக்கு நாலும் கையா இருக்கக் கூடாதா?"

"சாலப் பொருத்தம்," என்றான் மகிழ்மாறன். அவனுடைய அப்பா தமிழாசிரியர். வீட்டில் 'சட்னி' என்று சொன்னால்கூட முறைப்பார்.

யார் கார்பன் என்பதில் தகராறு வரவில்லை. ஹைட்ரஜனைப் போலப் பன்னிரண்டு மடங்கு எடை கார்பனுக்கு என்று மேடம் சொல்லியிருந்தார். ஐந்து பேரில் அந்தத் தகுதிக்கு அருகில் போகக்கூடியவன் எபநேசர் ஒருவன்தான். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு புல்லில் மல்லாந்து படுத்தான். கையையும் காலையும் அகட்டினான். இசக்கிராஜா ஒரு கை, தௌபீக் ஒரு கை, மகிழ்மாறன் ஒரு கால். ஹைட்ரஜனுக்கு ஒரே கை என்பதால் மூன்று பேரும் மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டார்கள்.

செண்பகவல்லி மட்டும் தயங்கி நின்றாள். கல்லூரி வாசலிலேயே போர்டு இருந்தது: 'மாணவரும் மாணவியரும் ஒரு ஸ்கேல் இடைவெளி விட்டே நிற்க வேண்டும்.' அவள் பையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்தாள். ஒரு முனையை எபநேசரின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் செருகி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நாம மீத்தேன்," என்றான் இசக்கிராஜா.

"ஒரு சந்தேகம்லே," என்றான் தௌபீக். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டான். "மீத்தேன் வாயுதானே? வாயு எங்கயாவது தரையில கிடக்குமா?"

அவன் கேட்டது நியாயம். நாலு பேரும் ஒற்றைக் கையாலேயே எபநேசரைத் தூக்கினார்கள். ஸ்கேல் பக்கம் மட்டும் கால் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"வாயு ஓர் இடத்தில் நிற்காது. கிடைக்கிற இடமெல்லாம் பரவும்," என்று நினைவூட்டினான் மகிழ்மாறன்.

ஆகவே அவர்கள் பரவினார்கள். கால்பந்துக் கம்பத்திலிருந்து கேன்டீன் வரைக்கும், கேன்டீனிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும். எபநேசர் முழுமனதோடு கார்பனாக இருந்து யோசித்துக்கொண்டிருந்ததால் கண்ணை இறுக மூடியிருந்தான்.

எதிரே வந்தவர் பி.டி. சார். ஒரு பையன் கண்ணை மூடிக் கிடக்கிறான், மூன்று பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒரு பெண் ஸ்கேலைப் பிடித்தபடி கூடவே ஓடிவருகிறாள். அவர் வேறென்ன நினைப்பார்? விசிலை ஊதினார். கல்லூரி வேன் வந்தது. பத்தாவது நிமிஷம் ஐந்து பேரும், ரோடு பிரிகிற விலக்கில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

நர்ஸ் குளுக்கோஸ் ஏற்ற வந்தார். "தம்பி, அந்தக் கையைக் கொஞ்சம் விடுங்க."

"முடியாது சிஸ்டர்," என்றான் எபநேசர் படுத்தபடியே. "நாலு கையும் எங்கேஜ்."

"ஒரு கையை மட்டும்ப்பா."

"ஒரு கையை விட்டாக்கூட நான் தனி உறுப்பு ஆயிருவேன்."

பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிணைப்பு அறுந்துபோய் ஒரு கை தொங்கினால் அதற்குத் 'தனி உறுப்பு' என்று பெயர். இது நர்ஸுக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் வெளுத்துப்போய் வெளியே ஓடினார். "டாக்டர், கையை விட்டா உறுப்பு தனியா வந்துருமாம்!" டாக்டரும் ஒன்றுக்கு நாலாக எக்ஸ்ரே எழுதினார். கை, கால், கை, கால் என்று வரிசையாக எடுத்தார்கள். எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் ஹெப்சிபா மேடம் வகுப்புக்கு வந்து, முதல் வேலையாகக் கரும்பலகையில் இருந்த கார்பனை அழித்தார். பிறகு, "இனிமே யாரும் கார்பனா இருக்க வேண்டாம்," என்றார்.

"சரி மேடம்," என்றான் எபநேசர். அவனுக்கு இடுப்பில் பிளாஸ்திரி போட்டிருந்தது.

அதற்குப் பிறகு மேடம் ஜாக்கிரதையானார். மனிதர்களை உதாரணம் காட்டவே இல்லை. மீத்தேனோடு குளோரின் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சூரிய வெளிச்சம் உட்பட எல்லாவற்றையும் அவர்கள் ஒப்பிக்கிற வரைக்கும் சொல்லிக் கொடுத்தார். யாரையும் வெயிலில் நிறுத்தவில்லை. வாரம் நல்லபடியாகப் போனது. தேர்வுக்கு முந்தின நாள், சேர்மங்களுக்குப் பெயர் வைக்கிற பாடம் மட்டும் பாக்கி.

"ரொம்ப சுலபம்," என்றார் மேடம். "முதல்ல, இருக்கிறதுலயே நீளமான சங்கிலியைக் கண்டுபிடிக்கணும். சின்னச் சங்கிலியைத் தொடவே கூடாது. அப்புறம், கிளைக்குக் கிட்ட இருக்கிற முனையிலிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே வரணும். அவ்வளவுதான். நாளைக்கு மத்தியானம்தானே பரீட்சை? காலையில ஒருதரம் செஞ்சு பார்த்துட்டு வந்துருங்க."

காலையில் எட்டு மணிக்கெல்லாம் செய்து பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் பணிமனை. பளு தூக்குகிற செயின் பிளாக் அங்கே மேலேயிருந்து தரை வரைக்கும் தொங்கியது. இசக்கிராஜா அதை இழுத்து முனை தேடினான். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"இதுக்கு முனையே இல்லலே. சுத்திச் சுத்தி வருது."

"அப்படின்னா இது வளையச் சேர்மம்," என்றாள் செண்பகவல்லி. "நாலாவது யூனிட். நாம இன்னும் அங்க போகல."

அடுத்து ஹாஸ்டல் கேட்டுச் சங்கிலி. அதற்கு முனை இரண்டும் இருந்தன. மகிழ்மாறன் முழம் போட்டு அளந்து எழுதிக்கொண்டான். ஆனால் பக்கத்தில் கிளை இல்லை.

"மரக்கிளையா இருக்குமோ?" என்றான் எபநேசர்.

"மரமா இருந்தா மேடம் மரம்னு சொல்லியிருப்பாங்க," என்றான் தௌபீக். "வெறும் கிளைன்னா நம்ம ஊர்ல எதைச் சொல்றோம்?"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒரு வங்கி. வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'காலேஜ் விலக்கு கிளை.'

"மேடம் எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்காங்க பாரு," என்றான் இசக்கிராஜா. போர்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "நமக்குத்தான் விளங்கல."

அன்றைக்கு வங்கியில் நகைக்கடன் கூட்டம். வாசலிலிருந்து படி வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இத்தனை சங்கிலியை ஒரே கிளைக்குப் பக்கத்தில் பார்த்ததும் ஐவருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இசக்கிராஜா பணிமனை டேப்பை விரித்தான்.

வரிசையில் முதலாவதாக நின்ற பேச்சித்தாயிடம் செண்பகவல்லி மரியாதையாகத்தான் கேட்டாள். "அக்கா, உங்க சங்கிலி எவ்வளவு நீளம்?"

"எதுக்கு தாயி?"

"இருக்கிறதுலயே நீளமானதுதான் எங்களுக்கு வேணும். சின்னதைத் தொட மாட்டோம்க்கா, பயப்படாதீங்க."

"முனையை மட்டும் காட்டுங்க, போதும்," என்று இசக்கிராஜா டேப்போடு கிட்டே போனான்.

பேச்சித்தாய் தாலிச்சங்கிலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போட்ட சத்தம் கோவில்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும். "ஆத்தாடி, செயினை அறுக்க வந்துட்டானுக! அளவெடுத்து அறுக்கானுகளே!"

வங்கிக் காவலாளி ஷட்டரை இறக்கினார். வெளியே இருந்தவர்கள் ஐந்து பேரையும் சுற்றிக்கொண்டார்கள். ஐவரும் ஓடவில்லை. ஏன் ஓட வேண்டும்? வீட்டுப்பாடம் பாதியில் நிற்கிறது. போலீஸ் ஜீப் வருகிற வரைக்கும் தௌபீக் வரிசையில் நின்ற மற்றவர்களிடம், "உங்களது எத்தனை முழம் இருக்கும்?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் கைநீட்டுகிற ரகம் இல்லை. எதையும் வரிசையாகக் கேட்டு, வரிசையாக எழுதுவார். ஐந்து பேரையும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தானும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டார்.

"யாருலே உங்க தலைவன்?"

"தலைவன் யாரும் இல்ல சார். மேடம்தான்," என்றான் இசக்கிராஜா.

எஸ்.ஐ. பக்கத்தில் நின்ற ஏட்டையாவை அர்த்தத்தோடு பார்த்தார். "மேடம் என்ன சொல்லி அனுப்புனாங்க?"

"நீளமான சங்கிலியைக் கண்டுபிடிங்க, கிளைக்குக் கிட்ட இருந்து ஆரம்பிங்கன்னு சொன்னாங்க சார்."

"எத்தனை பவுன்னு சொன்னாங்களா?"

"பவுன் முக்கியம் இல்ல சார். கார்பன் எத்தனைன்னு பார்த்தாப் போதும்."

"யாருலே கார்பன்?"

நாலு பேரும் எபநேசரைக் கைகாட்டினார்கள். அவன் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். "இப்ப இல்ல சார். மேடம் வேண்டாம்னுட்டாங்க."

"விலகிட்டியா? சரி. நீங்க நாலு பேரும்?"

"ஹைட்ரஜன் சார்."

"நாலு பேருக்கும் ஒரே பட்டப்பேரா?"

"ஒரு கார்பனுக்கு நாலு ஹைட்ரஜன் சார். அதுதான் முறை."

எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். இப்படி ஒழுங்காகப் பதில் சொல்கிற கூட்டத்தை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. "இன்னும் யார் யார் இருக்கா உங்ககூட?"

"குளோரின் இருக்கு சார்," என்றாள் செண்பகவல்லி. அந்த வாரம் படித்தது நாக்கு நுனியில் இருந்தது. "குளோரின் வந்தா எங்கள்ல ஒருத்தர் வெளிய போயிரணும். அடுத்தது வந்தா அடுத்த ஆள். இப்படியே ஒவ்வொருத்தரா நாலு பேரும் காலி."

"எப்ப நடக்கும் இது? ராத்திரியிலயா?"

"இல்ல சார், சூரிய வெளிச்சம் இருந்தாத்தான் நடக்கும். இருட்டுல நடக்கவே நடக்காது."

"பட்டப்பகல்லயா!" என்றார் எஸ்.ஐ. அவர் குரல் இறங்கிவிட்டது. "இப்ப அந்தக் குளோரின் எங்க?"

"ஊர்த் தண்ணித் தொட்டியில போட்டுட்டாங்களே சார்," என்றான் தௌபீக். "போன வாரம்தான் போட்டாங்க."

வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை எஸ்.ஐ. அப்படியே மேசைமேல் வைத்தார். "யாரு போட்டது?"

"பஞ்சாயத்துல இருந்து வந்து போட்டாங்க சார். மாசாமாசம் போடுவாங்க."

ஏட்டையா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சார், தொட்டியில ஆள் இறக்கிப் பார்த்துருவோமா?"

"பொறும். முதல்ல அந்த மேடத்தைக் கூட்டிட்டு வாரும்," என்றார் எஸ்.ஐ.

ஹெப்சிபா மேடம் வந்து சேரும்போது மணி ஒன்று. இரண்டு மணிக்குப் பரீட்சை. மூச்சு வாங்க உள்ளே வந்தவர், பெஞ்சில் ஐந்து பேரையும் பார்த்ததும் கைப்பையை நழுவவிட்டார்.

"இந்தப் பிள்ளைகளுக்குச் சங்கிலி எடுக்கிறது நீங்கதானா?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"ஆமா சார், நான்தான் எடுக்கறேன்," என்றார் மேடம் பதற்றத்தில். கல்லூரியில் பாடத்தை எடுப்பது என்றுதானே சொல்வார்கள்? "நேத்துதான் சங்கிலி எடுத்து முடிச்சேன்."

"எத்தனை வருஷமா எடுக்கறீங்க?"

"பதினோரு வருஷமா. ஒரு புகார் வந்தது கிடையாது சார்."

"வராதும்மா. இவ்வளவு சுத்தமாச் செஞ்சா எப்படி வரும்?" என்று எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். "வேற என்னென்ன எடுத்திருக்கீங்க?"

"வளையமும் எடுத்திருக்கேன்."

ஏட்டையா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரிந்து, மேடம் அடையாள அட்டையைக் காட்டி, பாடப்புத்தகத்தை விரித்து, சங்கிலி என்றால் இது, கிளை என்றால் இது என்று விளக்கி முடிப்பதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது. எஸ்.ஐ. புத்தகத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். அவருக்கு முழுச் சமாதானம் வரவில்லை.

"நீங்க சொல்றது சரிம்மா. ஆனா இதுக நிஜமாவே படிக்கிற பிள்ளைகதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரே ஒரு கேள்வி கேக்கேன்." பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "தண்ணிக்கு ஃபார்முலா என்னலே?"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு பதிலில் எல்லோருடைய வருஷமும் தொங்கிக்கொண்டிருந்தது. ஐவரும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று ஆலோசித்தார்கள். பிறகு இசக்கிராஜா எழுந்தான்.

"சார், அது சிலபஸ்ல இல்ல."

எஸ்.ஐ. முகம் மலர்ந்துவிட்டது. "என் மகனும் அச்சுப் பிசகாம இதையேதான் சொல்வான்! ஏட்டையா, இதுக காலேஜ் பிள்ளைகதான். ஜீப்பை எடும், பரீட்சைக்கு நேரமாச்சு!"

ஜீப்பில் பின்னால் ஆறு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கல்லூரி கண்ணுக்குத் தெரிந்ததும் மேடத்துக்குக் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. சொல்லவும் பயமாக இருந்தது. வாய்க்குள்ளேயே ஒவ்வொரு சொல்லாக உருட்டிப் பார்த்தார். எதையாவது செய்யச் சொன்னால்தானே வினை? கழித்துக் கழித்துப் பார்த்து, பழுதில்லாமல் இருந்ததை மட்டும் எடுத்துச் சொன்னார்.

"எதையும் தேடாதீங்க. யாரையும் பிடிக்காதீங்க. தூக்காதீங்க. எல்லாக் கேள்விக்கும் எழுதுங்க, கண்ணுக்குத் தெரியற மாதிரி எழுதுங்க. கேள்வியில என்ன சொல்லியிருக்கோ, அதை அப்படியே செய்யுங்க."

"சரி மேடம்," என்றார்கள் ஐந்து பேரும்.

மேடம் ஜீப்பின் கம்பியில் சாய்ந்துகொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

பாஸானார்களா என்று கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஐந்து பேரும் பாஸ். எல்லையைத் தாண்டியது ஒன்றோ இரண்டோ மார்க்கில்தான், இருந்தாலும் பாஸ். மீத்தேனின் அமைப்பை விவரி என்று பெரிய கேள்வி வந்திருந்தது. அதில் எபநேசர் எழுதியதைப் போல அனுபவித்து யாரும் எழுதியிருக்க முடியாது. நடுவில் இருப்பவருக்கு இடுப்பு வலிக்கும் என்பதற்குக்கூட அரை மார்க் விழுந்தது. குளோரின் கேள்வியும் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதையே மறுபடி எழுதினார்கள். ஆனால் இதெல்லாம் தெரியவந்தது ரிசல்ட் வந்த பிறகுதான். பரீட்சை முடிந்த அந்தச் சாயங்காலம் மேடத்துக்கு ஒன்றும் தெரியாது.

அவர் ஹால் வாசலிலேயே காத்து நின்றார். எஸ்.ஐ. ஆறுமுகநயினாரும் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போகவில்லை. காலையிலிருந்து கூடவே இருந்ததில் அவருக்கும் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளாமல் போக மனசு வரவில்லை.

ஐவரும் வெளியே வந்தார்கள். மேடம் வினாத்தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். கடைசிக் கேள்வியில் ஒரு படம் போட்டு, 'இச்சேர்மத்திற்குப் பெயரிடுக' என்றிருந்தது. முந்தின நாள் நடத்தியதேதான். நாலு கார்பன் சங்கிலி, இரண்டாவதில் ஒரு கிளை. மேடத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"இதுக்குப் பெயர் வெச்சீங்களா?"

"வெச்சோம் மேடம். கேள்வியில சொல்லியிருந்த மாதிரியே."

"சங்கிலி எது நீளம்னு பார்த்தீங்கல்ல?"

"நீங்கதான் எதையும் தேட வேண்டாம்னு சொல்லிட்டீங்களே மேடம்," என்றான் இசக்கிராஜா.

மேடம் மெதுவாக, "என்ன பெயர் வெச்ச?" என்று கேட்டார்.

"இசக்கிமுத்துன்னு வெச்சேன் மேடம். குலசாமி பேரு. நோய்நொடி அண்டாது."

"நான் சாமுவேல்னு வெச்சேன். ஜெபம் பண்ணிட்டுத்தான் எழுதுனேன்," என்றான் எபநேசர்.

"யான் தமிழினியன் என்று சூட்டினேன்," என்றான் மகிழ்மாறன். "தந்தை பெயர் வினாத்தாளில் குறிப்பிடப்படாமையால் முன்னெழுத்து இடவில்லை."

தௌபீக் கொஞ்சம் வருத்தமாக நின்றான். "எங்க வழக்கத்துல ஏழாம் நாள்தான் மேடம் பேர் வைப்போம். அவசரப்பட்டா நல்லா இருக்காது. அதனால 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்'னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

மேடம் ஹால் படியில் உட்கார்ந்துவிட்டார். எஸ்.ஐ. குனிந்து வினாத்தாளை வாங்கி அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். நேராகப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"இது ஆம்பளையா பொம்பளையான்னு போடவே இல்லியே?" என்றார்.

"அதேதான் சார் எனக்கும் குழப்பம்!" என்றாள் செண்பகவல்லி. "சூப்பர்வைசர்ட்ட எந்திரிச்சே கேட்டுட்டேன். அவரு பதிலே சொல்லல. அதான் எதுக்கும் இருக்கட்டும், எதுவா இருந்தாலும் ஒத்துப்போகிற மாதிரி செல்வம்னு வெச்சுட்டேன்."

எஸ்.ஐ. வினாத்தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"அஞ்சு பேர்ல நீதான்மா விவரமான பிள்ளை," என்றார். "பின்னால பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் வாங்கும்போது ஒரு குழப்பமும் வராது."